கதிர் பட்டால் கரையும் மின்னூட்டம்

2020ஆம் ஆண்டின் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிகள் மூடிக்கிடந்தன. மருத்துவமனைகளிலோ மருத்துவர்களும் செவிலியர்களும் இரவு பகல் பாராமல் நின்றார்கள். அவர்களுடைய மூக்கையும் வாயையும் காத்து நின்றது 'என்-95' என்னும் முகக்கவசம். ஒரு முறை அணிந்து எறிந்துவிட வேண்டிய அந்தக் கவசத்துக்கு அப்போது உலகமெங்கும் தட்டுப்பாடு. ஒன்றையே பல நாள் அணிய வேண்டி வந்தது. அணிந்த கவசத்தில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொன்று, அதையே மறுபடியும் பயன்படுத்த வழி உண்டா என்று பல நாடுகளிலும் தேடினார்கள்.

இயற்பியல் படித்தவர்களுக்கு உடனே தோன்றும் வழி ஒன்று உண்டு. அதுதான் காமாக் கதிர். மும்பை டிராம்பேயில் 1974ஆம் ஆண்டில் 'ஐசோமெட்' என்னும் நிலையம் தொடங்கப்பட்டது. ஊசிக்குழல், கையுறை, அறுவைச் சிகிச்சைக்கான தையல் நூல் ஆகியவற்றை அட்டைப்பெட்டிகளில் அடைத்து ஒட்டி, பெட்டியோடு பெட்டியாகக் கோபால்ட்-60 மூலத்தின் எதிரே நகர்த்திச் செல்வார்கள். காமாக் கதிர்கள் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவிச் சென்று உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், சூடேற்ற வேண்டாம், மருந்து தெளிக்க வேண்டாம். கதிர் பட்ட பொருள் கதிரியக்கம் பெற்றுவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். கோபால்ட்-60இன் காமாக் கதிருக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. இப்படிப்பட்ட நிலையங்கள் உலகில் பல இருக்கின்றன. அப்படியானால் முகக்கவசங்களையும் மூட்டை மூட்டையாக அங்கே அனுப்பிவிடலாமே?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர் 2020இல் இதைச் செய்து பார்த்தார்கள். கதிர் பட்ட கவசங்கள் கிழியவில்லை, உருக்குலையவில்லை. அணிந்து பார்த்தபோது முகத்தில் சரியாகவே பொருந்தின. ஆனால் நுண்துகள்களை வடிகட்டும் திறனை அளந்தபோது அது வெகுவாகக் குறைந்திருந்தது. கண்ணுக்கு நல்ல கவசம்; வேலைக்கு உதவாத கவசம்! அணிந்திருப்பவருக்கு இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

கவசத்திலிருந்து எது போயிற்று? நார் ஒன்றும் போகவில்லை. போனது அந்த நார்களில் இருந்த மின்னூட்டம். எப்படிப் போயிற்று என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சல்லடை அன்று

முகக்கவசம் ஒரு சல்லடை என்று பலர் நினைக்கின்றார்கள். துளையை விடப் பெரிய துகள் தங்கிவிடும், சிறியது போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படி இல்லை. கவசத்தின் நடுப்பகுதியில் உள்ள நார்கள் ஒரு சில மைக்ரான் பருமன் உள்ளவை. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நார்களுக்கிடையே உள்ள இடைவெளி, பிடிக்க வேண்டிய துகளைவிடப் பல மடங்கு பெரியது. மாட்டுக் கொட்டகை வாயில் வழியே ஈ புகுவது போல அத்துகள் புகுந்து போகலாம்.

ஆனாலும் பெரும்பாலான துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. பெரிய துகள்கள் வளைந்து செல்லும் காற்றோடு வளைய முடியாமல் நேரே சென்று நாரில் மோதுகின்றன. மிக மிகச் சிறியவையோ காற்று மூலக்கூறுகளால் இங்குமங்கும் அலைக்கழிக்கப்பட்டுத் தற்செயலாக நாரில் போய் ஒட்டுகின்றன. இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பவைதான் தப்பிப்பதில் வல்லவை. அதனால் சோதனையையும் ஏறத்தாழ அந்த அளவுத் துகள்களைக் கொண்டே நடத்துகின்றார்கள். 100க்கு 95ஐயாவது பிடித்தால்தான் என்-95 என்ற பெயர்.

நார்களை நெருக்கி அடைத்தால் எல்லாவற்றையும் பிடிக்கலாம். ஆனால் மூச்சுவிட முடியாது. இங்கேதான் மின்னூட்டம் கைகொடுக்கின்றது. தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காகிதத்தில் மின்னூட்டம் இல்லை; ஆனாலும் சீப்பின் மின்புலத்தில் அதன் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் பிரிந்து நிற்பதால் அது ஈர்க்கப்படுகின்றது. மின்னூட்டம் பெற்ற நாரும் அருகே வரும் துகளை இப்படியே தன்பால் இழுத்துக்கொள்ளும். காற்று தாராளமாகச் செல்லலாம். துகள் மட்டும் தங்கிவிடும்.

இந்த நார் பாலிபுரோப்பிலீன் என்னும் பலபடியால் ஆனது. உரச்சாக்கும் நெல் பிடிக்கும் வெள்ளைச் சாக்கும் இதே பொருள்தான். உருக்கிய பாலிபுரோப்பிலீனைச் சூடான காற்றின் வேகத்தில் ஊதி நாராக்கி, பிறகு உயர் மின்னழுத்தத்தில் காற்றை அயனியாக்கி, அந்த அயனிகளை நார்ப் படலத்தின்மீது பாய்ச்சுகின்றார்கள். தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் 1990களில் இம்முறையைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். ஓய்வு பெற்றிருந்த அவர் 2020இல், அணிந்த கவசங்களைக் கெடாமல் தூய்மை செய்வது எப்படி என்று ஆராய மீண்டும் வேலைக்கு வந்தார் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

குளம்படியில் நின்ற நீர்

சீப்பின் மின்னூட்டம் சிறிது நேரத்தில் போய்விடுகின்றது. எங்கள் திருவாரூர்ப் பக்கம் ஐப்பசி மழைக்காலத்தில் இந்தச் சோதனையை வகுப்பில் செய்துகாட்டுவது பெரும்பாடு. காற்றில் உள்ள ஈரம் சீப்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து மின்னூட்டத்தை வடியவிட்டுவிடும். மாசி, பங்குனிப் பகலில் செய்தால் நன்றாக வரும். அப்படியிருக்க, கவசத்தின் நாரில் மட்டும் மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் எப்படி நிற்கின்றது?

மின்காப்புப் பொருளைப் பற்றி நம் பாடநூல்கள் இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன. "அதில் தனித்து அலையும் எலக்ட்ரான்கள் இல்லை, ஆகவே மின்சாரம் பாயாது." இது சரிதான். செம்பையும் டெஃப்ளானையும் ஒப்பிட்டால், டெஃப்ளானின் மின்தடை எண் 1க்குப் பின் 24 சுழிகள் இட்ட அளவுக்குப் பெரியது. இயற்பியலில் இவ்வளவு அகன்ற இடைவெளியைக் காட்டும் பண்புகள் மிகக் குறைவு. ஆனால் சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றது. வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரானை உள்ளே கொண்டுபோய் விட்டால் அது என்ன செய்யும்?

பலபடி என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். சில இடங்களில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கிடக்கும். சில இடங்களில் நூற்கண்டைக் கலைத்துப் போட்டதுபோல் கிடக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லை, சங்கிலியின் முனை, கிளை பிரியும் இடம், ஆக்சிஜன் ஏறிய இடம் ஆகியவற்றில் எலக்ட்ரானுக்கு ஆற்றல் குறைந்த பள்ளங்கள் அமைகின்றன. இவற்றைப் 'பொறிகள்' என்பார்கள். எலிப்பொறி போல எலக்ட்ரான் பொறி.

நம் டெல்டா வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தொழி ஓட்டிய வயலில் மாடுகள் நடந்து போயிருக்கின்றன. பிறகு மடையைத் திறந்து நீரை வடித்துவிட்டார்கள். வயல் வடிந்துவிட்டது, ஆனால் குளம்படிகளில் மட்டும் நீர் நிற்கின்றது. மேலோட்டமான குளம்படி மாலைக்குள் காய்ந்துவிடும். ஆழப் பதிந்தது நாளைக்கும் நிற்கும். பலபடியில் விழுந்த எலக்ட்ரானும் இப்படித்தான். ஆழமில்லாத பொறியில் விழுந்தது விரைவில் வெளியேறும். ஆழ்ந்த பொறியில் விழுந்தது அங்கேயே கிடக்கும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குளம்படி இரு மடங்கு ஆழமானால் நீர் இரு மடங்கு நேரம் நிற்கலாம். எலக்ட்ரான் கதையில் கணக்கு அப்படி ஏறுவதில்லை. பொறியின் ஆழத்தை எலக்ட்ரான்-வோல்ட் என்னும் அலகில் சொல்வது வழக்கம். எலக்ட்ரான் வெப்ப அசைவால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை தப்பிக்க முயல்கின்றது என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். அறை வெப்பநிலையில் 1 எலக்ட்ரான்-வோல்ட் ஆழமுள்ள பொறியில் அது சராசரியாக 18 மணி நேரம் தங்கும். ஆழம் 1.3 எலக்ட்ரான்-வோல்ட் ஆனால்? 220 ஆண்டு! ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. காலமோ ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டது. அடுக்குக்குறிச் சார்பின் வேலை இது. மேல்வகுப்பு மாணவர்கள் போல்ட்ஸ்மான் மாறிலியைக் கொண்டு தாமே இதைச் சரிபார்க்கலாம்.

அதே 1.3 எலக்ட்ரான்-வோல்ட் பொறியை 70 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றினால் 220 ஆண்டு ஐந்து மாதமாகச் சுருங்குகின்றது. சுருக்கம் பெரிதுதான், ஆனால் ஒரு மணி நேரம் 70 டிகிரியில் வைத்து எடுத்தால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. உலர்ந்த மிதமான சூட்டில் கவசம் கெடாமல் தப்பியதற்கும், சோப்பு நீரிலும் ஆல்கஹாலிலும் நனைத்தபோது கெட்டதற்கும் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். சூடு பொறியின் வாயிலைச் சற்றே தட்டுகின்றது. ஆல்கஹால் நாருக்குள்ளும் மேலும் ஊறி மின்னூட்டம் ஓடிச் சமன்பட வழி செய்துவிடுகின்றது.

இப்படி மின்னூட்டத்தை நெடுங்காலம் தாங்கி நிற்கும் பொருளுக்கு 'எலெக்ட்ரெட்' என்று பெயர். நிலைக்காந்தத்துக்கு இணையான நிலைமின் பொருள் எனலாம். 1885ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஆலிவர் ஹெவிசைட் பெயரை மட்டும் வைத்தார்; பொருளைச் செய்து காட்டியவர் ஜப்பானியரான மொதோதாரோ எகுச்சி. பனைவகை மரமொன்றின் மெழுகையும் குங்கிலியம் போன்ற பிசினையும் உருக்கிக் கலந்து, வலிய மின்புலத்தில் வைத்தபடியே உறையவிட்டு, 1919ஆம் ஆண்டு வாக்கில் இதைச் சாதித்தார்.

பதின்மூன்று டிகிரி

இனி காமாக் கதிரிடம் வருவோம். மருத்துவப் பொருள்களைத் தூய்மை செய்ய வழக்கமாகக் கொடுக்கும் கதிர் அளவு 25 கிலோகிரே. ஒரு கிலோகிராம் பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. ஆகவே 25 கிலோகிரே என்றால் கிலோகிராமுக்கு 25,000 ஜூல். இது அதிகமா, குறைவா?

வெப்பக் கணக்கில் பார்த்தால் அற்பம். இவ்வளவும் வெப்பமாகவே மாறினாலும் பாலிபுரோப்பிலீனின் வெப்பநிலை சுமார் 13 டிகிரிதான் உயரும். சித்திரை வெயிலில் களத்தில் கிடக்கும் சாக்கு இதைவிட அதிகமாகச் சூடேறும்.

வேறு கணக்கில் பார்ப்போம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நம்மீது வெளியிலிருந்து விழும் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிரே என்று வைத்துக்கொண்டால், 25 கிலோகிரே சேர இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆகும். ஒரே ஆற்றல், இரண்டு முகம்! வெப்பம் ஆற்றலை எல்லா மூலக்கூறுகளுக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடுகின்றது. கதிரோ ஒரு சிலவற்றின்மேல் மொத்தமாகக் கொட்டுகின்றது.

கோபால்ட்-60 விடும் காமா ஃபோட்டான்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான்-வோல்ட். அப்படிப்பட்ட ஃபோட்டான் ஒன்று நாரில் ஓர் எலக்ட்ரானை மோதித் தள்ளுகின்றது. இதைக் காம்ப்டன் சிதறல் என்று படித்திருப்பீர்கள், அல்லது படிக்கப்போகின்றீர்கள். தள்ளப்பட்ட எலக்ட்ரான் வேகமாக ஓடி வழியெல்லாம் வேறு எலக்ட்ரான்களைப் பெயர்த்துவிடுகின்றது. எலக்ட்ரான் பெயர்ந்த இடம் நேர் மின்துளை. இப்படி ஒரு எலக்ட்ரான்-துளை இணையைப் படைக்கச் சுமார் 30 எலக்ட்ரான்-வோல்ட் செலவாகும் என்று கொண்டால், 25 கிலோகிரே அளவில் ஒரு கிராம் நாரில் பிறக்கும் இணைகளின் எண்ணிக்கை 5க்குப் பின் 18 சுழிகள். நாம் நாரில் சேமித்து வைத்திருந்த மின்னூட்டத்தைப்போல் இது பல ஆயிரம் மடங்கு.

பிறந்தவற்றில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே மறுபடி சேர்ந்து அழிந்துவிடும். ஆனால் நாரில் ஏற்கெனவே மின்புலம் இருக்கின்றதே! அது சில இணைகளைப் பிரித்துவிடுகின்றது. எலக்ட்ரான்கள் நேர் மின்னூட்டம் நிற்கும் பக்கம் நகர்கின்றன. துளைகள் எதிர் மின்னூட்டத்தின் பக்கம் செல்கின்றன. போய்ச் சேர்ந்து சமன் செய்துவிடுகின்றன. பொறியில் கிடந்த எலக்ட்ரானை யாரும் வெளியேற்ற வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். அது கிடந்த இடத்திலேயே அதன் எதிரியைக் கொண்டுவந்து பக்கத்தில் அமர்த்திவிட்டால் போதும்.

இதையே வேறுவகையில் சொன்னால், கதிர் படும் நேரத்தில் மின்காப்புப் பொருள் சற்றே கடத்தியாகிவிடுகின்றது. வரப்பு பார்ப்பதற்கு முழுசாக இருக்கும். நண்டு வளை விழுந்துவிட்டால் மறுநாள் காலையில் வயலில் நீர் இருக்காது. எக்ஸ் கதிர் படும்போது பலபடிகளின் கடத்துதிறன் எப்படி ஏறுகின்றது என்பதை இங்கிலாந்தில் ஜே. எஃப். ஃபௌலர் 1956இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். கதிரின் செறிவை இரு மடங்காக்கினால் கடத்துதிறன் சரியாக இரு மடங்காவதில்லை. பல பொருள்களில் அதற்குக் குறைவாகவே ஏறுகின்றது. கதிரை நிறுத்தியதும் கடத்துதிறன் உடனே மறைவதும் இல்லை. பொறிகளில் தங்கியவை ஒவ்வொன்றாக வெளிவர, மெல்ல மெல்லத் தணிகின்றது. எவ்வகைப் பொறிகள் எத்தனை உள்ளன என்பதை இந்தத் தணிவிலிருந்தே கணிக்க முயல்கின்றார்கள்.

நாருக்கு வெளியேயும் இழப்பு உண்டு. நார்களின் இடையே உள்ள காற்றும் அயனியாகி, நேர் அயனி எதிர் மின்னூட்டத்திலும் எதிர் அயனி நேர் மின்னூட்டத்திலும் போய் ஒட்டுகின்றது. போதாக்குறைக்குப் பாலிபுரோப்பிலீனின் சங்கிலிகளைக் காமாக் கதிர் அறுத்தும் விடுகின்றது. அளவு மீறினால் பொருள் நொறுங்கும் தன்மை பெறும். (எல்லாப் பலபடியும் இப்படி அன்று. பாலிஎத்திலீனில் கதிர் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலம் போட்டு அதை வலுப்படுத்துகின்றது. ஆர்தர் சார்ல்ஸ்பி 1952இல் இதைக் காட்டினார். ஒரு கார்பன் தொகுதி கூடுதலாகத் தொங்குவதால் அண்ணனும் தம்பியும் இப்படி மாறிப்போனார்கள்!)

ஆக, ஊசிக்குழலுக்கு ஏற்ற முறை கவசத்துக்கு ஏற்றதாக இல்லை. ஊசிக்குழல் மின்னூட்டத்தை நம்பி வேலை செய்வதில்லை.

நின்றுவிடும் கதிர்

கதிர்வீச்சு என்றாலே மின்னூட்டத்தைக் கரைப்பது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே கதிர்வீச்சு மின்னூட்டத்தைத் தரவும் செய்யும். காமாக் கதிர் பொருளை ஊடுருவிப் போய்விடுகின்றது. அது கொண்டுவந்து சேர்க்கும் மின்னூட்டம் எதுவும் இல்லை. ஆனால் எலக்ட்ரான் கற்றையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் எதிர் மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டே வருகின்றது. பொருளுக்குள் நின்றுவிட்டால் அந்தச் சுமையை அங்கேயே இறக்கிவைக்கின்றது.

20 ஆயிரம் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் டெஃப்ளானில் சுமார் 4 மைக்ரான் ஆழம்வரைதான் செல்லும். 25 மைக்ரான் தடிப்புள்ள படலத்தில் செலுத்தினால் அது வெளியே வராது. போன பாதை கதிரால் சற்றுக் கடத்தும் தன்மை பெறுகின்றது. அதற்கப்பால் உள்ள பகுதியோ தீண்டப்படாத நல்ல காப்புப் பொருள். நடுவே சிக்கிய எலக்ட்ரான்கள் அங்கேயே நிலைத்துவிடுகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1962இல் பலபடிப் படலத்தைக்கொண்டு எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை அமைத்த கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் பிற்பாடு டெஃப்ளானுக்கு மின்னூட்டம் ஏற்ற இந்த முறையை ஆராய்ந்து வளர்த்தார்கள். தொலைபேசிகளிலும் ஒலிநாடாப் பெட்டிகளிலும் கோடிக்கணக்கில் இடம்பெற்றது அவர்களுடைய ஒலிவாங்கி.

ஆற்றலை உயர்த்தினால் காட்சி இன்னும் அழகாகின்றது. 20 லட்சம் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடன் தெளிந்த அக்ரிலிக் கட்டியில் எலக்ட்ரான்களைச் செலுத்தினால், அவை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் படலமாகத் தங்குகின்றன. பிறகு நிலத்தோடு இணைத்த கூரிய ஆணியால் கட்டியின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். நொடியில் உள்ளே மின்னல் வெட்டும்! அடிமரம், கிளை, கொம்பு, நரம்பு என்று ஒரு மரத்தின் உருவம் கட்டிக்குள் நிலையாகப் பதிந்துவிடும். பிரேசில் நாட்டில் பணியாற்றிய பெர்னார்டு கிராஸ் 1950களில் இவ்வாறு கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் மின்னூட்டம் தங்குவதை ஆராய்ந்தார். தூளைத் தூவி மேற்பரப்பில் இத்தகைய உருவங்களை முதலில் கண்டவர் ஜெர்மானியரான லிச்டன்பர்க், ஆண்டு 1777.

ஆய்வுக்கூடத்தில் அழகாக இருக்கும் இந்த மரம் விண்வெளியில் முளைத்தால் வினை. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் வேகமான எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதியில் இருக்கின்றன. சூரியனின் சீற்றத்தால் சில நாள்களுக்கு அவற்றின் எண்ணிக்கை பெருகும். அப்போது அவை மெல்லிய வெளிச்சுவரைத் துளைத்து உள்ளே மின்சுற்றுப் பலகையிலும் கம்பி உறையிலும் நின்றுவிடுகின்றன. சேர்ந்து சேர்ந்து, தாங்காத ஒரு கணத்தில் உள்ளேயே மின்னல் வெட்டுகின்றது. 1994ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கனடா நாட்டின் 'அனிக் இ-1', 'அனிக் இ-2' என்னும் இரண்டு செயற்கைக்கோள்களும் அடுத்தடுத்துத் திசை தவறின. முதலாவது சில மணி நேரத்தில் மீண்டது. இரண்டாவதை மீட்கப் பல மாதங்கள் ஆயின. நம் இன்சாட், ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்களும் அதே உயரத்தில் நிற்பவைதாம். உள்ளே எந்தக் காப்புப் பொருளை எவ்வளவு தடிப்பில் வைப்பது, எதை நிலத்தோடு இணைப்பது என்பதெல்லாம் பொறியாளர்களுக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.

கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களில் நிலைமை வேறு. அங்கே உலைக்கு அருகே ஓடும் கம்பிகளின் காப்புறை ஆண்டுக்கணக்கில் காமாக் கதிரில் நனைகின்றது. மின்விசைக் கம்பியில் உறை சிறிது கசிந்தாலும் பரவாயில்லை. உலையின் நிலையை அறிவிக்கும் உணர்கருவிகளின் மின்னோட்டமோ மிகமிக நுண்ணியது; உறையின் கசிவு அதோடு போட்டிக்கு வந்துவிடும். அதனால் உலையின் உட்பகுதியை ஒட்டிய இடங்களில் பலபடி உறையே வேண்டாம் என்று ஆக்சைடுத் தூள் அடைத்த உலோகக் குழாய்க் கம்பிகளைப் பயன்படுத்துகின்றார்கள்.

இழப்பையே அளவுகோலாக்கியவர்

கதிர்வீச்சால் மின்னூட்டம் கரைவது தீமை என்றே இதுவரை பேசிவந்தோம். ஓர் இந்தியர் அதையே கருவியாக்கினார். அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள, பெரியவர் ஒருவரை அருகே வைத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்யுங்கள்.

உலர்ந்த நாளில் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைக் கம்பளியால் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக்காட்டுங்கள். மறுபடியும் தேய்த்து, இம்முறை எரியும் மெழுகுவத்திச் சுடரின் அருகே, உருகாத அளவுக்கு ஒரு சாண் தள்ளி, சில நொடிகள் காட்டுங்கள். இப்போது துணுக்குகள் அசையமாட்டா. அளவுகோலை யாரும் தொடவில்லை. சுடரில் பிறந்த அயனிகள் அதன் மின்னூட்டத்தைத் தேடிவந்து சமன் செய்துவிட்டன. சுடருக்குப் பதிலாகக் கதிரியக்கப் பொருள் இருந்திருந்தால்? கரைந்த மின்னூட்டத்தின் அளவே கதிர்வீச்சின் அளவைச் சொல்லிவிடும் அல்லவா?

பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர் பி. கொட்ரப்பா. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், உடன் பணிபுரிந்தோருடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட கருவியின் அடிப்படை இதுதான். அளக்க வேண்டியது ரேடான் வாயு. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலான இந்த வாயு நிறமற்றது, மணமற்றது. காற்றோட்டமில்லாத வீட்டில் தேங்கினால், நெடுங்காலம் சுவாசிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வீடுகளுக்குக் குறித்த அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல்.

கருவியில் பொத்தான்களோ மின்கலமோ கிடையாது. மின்கடத்தும் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சிறு கிண்ணம். அதன் அடியில் ஒரு டெஃப்ளான் வட்டத் தட்டு. தட்டில் முன்பே நேர் மின்னூட்டம் ஏற்றி, மேற்பரப்பு மின்னழுத்தம் சுமார் 750 வோல்ட் இருக்கும்படி செய்திருப்பார்கள். கிண்ணத்தின் வாயில் வடிதாள் இருப்பதால் தூசி வராது; ரேடான் மட்டும் உள்ளே பரவும். உள்ளே ஒரு ரேடான் அணு சிதைந்தால் சுமார் 5.5 மில்லியன் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடன் ஓர் ஆல்ஃபா துகள் பாய்கின்றது. காற்றில் ஓர் அயனி இணைக்குச் செலவு 34 எலக்ட்ரான்-வோல்ட். ஆகவே ஆற்றல் முழுதும் காற்றில் செலவானால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள்! எதிர் அயனிகளைத் தட்டு இழுத்துக்கொள்கின்றது. ஒவ்வொன்றும் தட்டின் மின்னூட்டத்தில் ஓர் இம்மியைக் குறைக்கின்றது. சில நாள் கழித்துத் தட்டைத் தொடாமலே மின்னழுத்தத்தை அளக்கும் மானியில் வைத்துப் படித்தால் 750 எத்தனையாகக் குறைந்தது என்று தெரிந்துவிடும்.

குறுகிய கால அளவைக்கான தட்டில், 100 பெக்கரல் ரேடான் உள்ள வீட்டில் ஒரு வாரம் வைத்தால் ஏறத்தாழ 38 வோல்ட் குறையும். நெடுங்காலம் வைக்க வேண்டுமானால் தட்டை மெல்லியதாக்கிவிடுகின்றார்கள். அதே மின்னூட்ட இழப்புக்கு மெல்லிய தட்டில் வோல்ட் குறைவது சொற்பம். ஆகவே மாதக்கணக்கில் தாங்கும். இணைத்தகட்டு மின்தேக்கியின் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

டெஃப்ளானை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதன் பொறிகள் ஆழமானவை. அதோடு ஈரம் அதில் ஒட்டுவதில்லை. தாமரை இலைபோல் நீரை உதறிவிடும். நம் ஐப்பசி அடைமழையிலும் சீப்பின் கதி அதற்கு வராது. தட்டுக்குள்ளேயே கதிரால் கடத்துதிறன் ஏறிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. வீட்டில் உள்ள கதிர்வீச்சு அளவு ஐசோமெட்டில் கொடுப்பதில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே என்பதால் டெஃப்ளானுக்குள் நடப்பது கணக்கில் வராது. இழப்பெல்லாம் காற்றில் பிறந்த அயனிகளால்தான்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் காமாக் கதிரும் கிண்ணத்துக் காற்றை அயனியாக்கும். தட்டுக்கு எந்த அயனி ரேடானால் வந்தது, எது காமாவால் வந்தது என்று பிரித்தறியத் தெரியாது. அதனால் அதே இடத்தின் காமா அளவைத் தனியே கண்டு, அதற்குரிய வோல்ட்டைக் கழித்துவிடுகின்றார்கள். மிஞ்சுவதே ரேடானின் கணக்கு.